ஒரு மணிக்குத் திறக்கிற டப்பாவுக்காக ஏழு மணிக்குச் சமைப்பது

காலை ஏழு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கியதை உடனே தட்டில் போட்டுச் சாப்பிடுவது ஒன்று. அதையே டப்பாவில் அடைத்து மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடுவது வேறு. நடுவில் ஐந்தாறு மணி நேரம் அந்தச் சோறு மூடிய டப்பாவுக்குள், பள்ளிக்கூடப் பைக்குள், பஸ் நெரிசலில், அலுவலக மேசைக்கு அடியில் கிடக்கிறது. அதற்குள் சோறு விறைக்கிறது, காய் தண்ணீர் விடுகிறது, கீரை கறுக்கிறது, தேங்காய் ஊசுகிறது, தயிர் புளிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கிருமியும் பெருகுகிறது. சமையலில் கைதேர்ந்தவர்கள்கூட மதிய டப்பா என்றால் தடுமாறுவது இதனால்தான். உப்பு, காரம் பார்ப்பது ஏழு மணிக்கு. சாப்பிடுவது ஒரு மணிக்கு.

இந்தத் தடுமாற்றத்தில் டப்பாவிலிருந்து முதலில் காணாமல் போவது கீரை. அடுத்தது பச்சைக் காய்கள். "மத்தியானத்துக்குள்ள நசநசன்னு ஆயிடும்", "நாத்தம் வருதுன்னு பிள்ளை திருப்பிக் கொண்டுவந்துடுது" என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, கடைசியில் எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்ற மூன்றிலேயே வாரம் சுற்றி வருகிறது. ஒருநாள், இரண்டுநாள் என்றால் பரவாயில்லை. ஆனால் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்கு வாரத்தில் ஐந்து, ஆறு நாள் பெரிய சாப்பாடு அந்த டப்பாதான். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் காய், பழம் சேர்த்துக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது. காலையில் இட்லி, சட்னி, இரவில் தோசை, பொடி என்று போகிற வீட்டில், மதியம் காய் இல்லையென்றால் அன்றைக்குக் காயே இல்லை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாவற்றையும் ஒரு டப்பா தீர்த்துவிடாது. ஆனாலும் கீரைக்கு அந்த டப்பாவில் இடம் தேடித் தரவேண்டும் என்று நான் பிடிவாதமாக நினைப்பதற்கு இந்த எண் ஒரு காரணம்.

இதற்குப் புதுப்புது சமையல் குறிப்பு எதுவும் தேவையில்லை. வெளியூர் போகும்போது கட்டிக்கொண்டு போகிற கட்டுச்சாதத்தில் இந்தச் சிக்கல் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே பதில் இருக்கிறது. அந்த ருசியை நாம் வைத்துக்கொண்டோம். அது கெடாமல் இருப்பதற்காகச் செய்த வேலைகளை அவசரத்தில் விட்டுவிட்டோம்.

கட்டுச்சாதத்தில் நடப்பது என்ன

ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்கு எடுத்துப் போகிற சித்திரான்னங்களைப் பாருங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், எள் சாதம், தயிர் சாதம். கோயில் பயணம், ரயில் பயணம் எதுவானாலும் பெரும்பாலும் இதே வரிசைதான். சாம்பார் சாதத்தையோ கூட்டையோ யாரும் மூட்டை கட்டுவதில்லை. கட்டுச்சாத வகைகளில் பெரும்பாலானவற்றில் மூன்று குணம் இருக்கும்: புளிப்பு, எண்ணெய், ஈரக்குறைவு. புளியில் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் தயிரில் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. உணவைக் கெடுக்கிற பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்குப் புளிப்பு ஆகாது. புளிக்காய்ச்சலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி, எண்ணெய் மேலே பிரிந்து மிதக்கும்வரை அடுப்பில் வைப்பது ருசிக்காக மட்டுமில்லை. தண்ணீர் போய்விடுகிறது, புளிப்பு செறிகிறது, மேலே நிற்கிற எண்ணெய் காற்றை மறைக்கிறது. நல்லெண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் சில பொருட்கள் அது சிக்கடிப்பதைத் தாமதப்படுத்தும். அதனால்தான் அந்த விழுது ஈரக்கை படாதவரை பல நாள் தாங்குகிறது.

அடுத்தது சோறு ஆற்றுவது. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கரண்டிக் காம்பால் மெதுவாகக் கிளறிப் பரப்பிவிட்டு, மின்விசிறிக்கு அடியில் வைப்பார்கள். சூடு தணிந்த பிறகுதான் புளிக்காய்ச்சலோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பார்கள். சூட்டோடு கிளறினால் பருக்கை உடைந்து குழையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. பரப்பி ஆற்றும்போது சோற்றிலிருந்து ஆவி வெளியேறிவிடுகிறது. ஆற்றாமல் டப்பாவில் அடைத்தால் அந்த ஆவி எங்கே போகும்? மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து நின்று, திரும்பவும் சோற்றின் மேலேயே சொட்டும். மதியம் டப்பாவைத் திறக்கும்போது மூடியில் தண்ணீர் நின்றால், காலையில் சூட்டோடு அடைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். காலையில் தாம்பாளத்துக்கு ஒரு பத்து, பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். டப்பாச் சாப்பாட்டில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

சோற்றைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதில்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கிற தண்ணீரில் வெந்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கிற அந்த நச்சு, சோற்றைத் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பில் 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டை ஆபத்தான வெப்பநிலை என்பார்கள். நம் ஊரில் வைகாசி மாதத்துப் பைக்குள் இருக்கும் டப்பா நட்டநடுவில் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ராத்திரி மிஞ்சி, அடுப்பங்கரையிலேயே மூடிக் கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து டப்பாவில் வைக்கக் கூடாது. முந்தைய நாள் சோறுதான் வேண்டுமென்றால், வடித்த கொஞ்ச நேரத்திலேயே பரப்பி ஆற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்ததாக இருக்கட்டும். காலையில் வடித்த சோறு எப்போதும் மேல். புளிப்பு சேர்த்த சோறு வெறும் சோற்றைவிடத் தாங்கும் என்றாலும், புளிப்பு கிருமியைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அதை நம்பி மாலைவரை வைத்துச் சாப்பிட முடியாது. மஞ்சளும் பெருங்காயமும் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் உண்டு. தாளிப்பில் போடுகிற சிட்டிகைக்கு அவ்வளவு சக்தி கிடையாது.

ஹாட் பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ். அதில் வைப்பது கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும், பாத்திரத்தையும் முதலில் வெந்நீர் ஊற்றிச் சிறிது நேரம் மூடி வைத்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். மதியம் திறக்கும்போது ஆவி பறந்தால் சரி. கை பொறுக்கிற வெதுவெதுப்பு மட்டும் இருந்தால், அந்த ஹாட் பாக்ஸ் கிருமிக்குத்தான் இதமாக இருந்திருக்கிறது. சூடாகவே வை, இல்லையென்றால் ஆற்றி வை. இரண்டுக்கும் நடுவில் வேண்டாம்.

எந்தக் காய் டப்பா தாங்கும்

காய்களில் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், பூசணி இவையெல்லாம் தண்ணீர்க் காய்கள். வீட்டில் கூட்டு வைக்க அருமையானவை, டப்பாவுக்கு வேண்டாம். பீன்ஸ், கொத்தவரங்காய், அவரை, கோவைக்காய், வாழைக்காய், சேனைக்கிழங்கு, கேரட், பாகற்காய் எல்லாம் தாங்கும். வெண்டைக்காயும் தாங்கும், ஆனால் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவினால் வழுவழுப்பு அடங்காது. வதக்கும்போது ஒரு ஸ்பூன் தயிரோ கொஞ்சம் புளித்தண்ணீரோ தெளித்தால் அந்த வழுவழுப்பு மட்டுப்படும். முட்டைக்கோஸையும் முள்ளங்கியையும் சூட்டோடு மூடினால் கந்தக வாடை டப்பாவுக்குள்ளேயே தங்கி, திறந்தவுடன் முகத்தில் அடிக்கும். வகுப்பில் பக்கத்துப் பையன் மூக்கைப் பொத்தினால் அந்தப் பிள்ளை அப்புறம் முட்டைக்கோஸைத் தொடாது. அந்த வாடை காயின் குற்றம் இல்லை, அதிகம் வேகவைத்ததும் ஆறாமல் மூடியதும்தான் காரணம். கோஸை நிறம் மாறுவதற்குள் இறக்கி, நன்றாக ஆறவிட்டு வைத்தால் வாடை வெகுவாகக் குறையும்.

பொரியல் டப்பாவில் தண்ணீர் விடுவதற்கு உப்புதான் முக்கியக் காரணம். உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும். வதக்க ஆரம்பித்தவுடனே உப்புப் போட்டு, மூடி வேகவைத்து, அப்படியே இறக்கினால் அந்தத் தண்ணீர் காயோடு டப்பாவுக்குப் போகிறது. முக்கால் பதம் வெந்த பிறகு உப்புப் போட்டு, கடைசி இரண்டு நிமிடம் மூடியை எடுத்துவிட்டு, தீயைக் கூட்டிச் சுருள வதக்கி இறக்குங்கள். அப்புறம் தேங்காய். பச்சைத் தேங்காய்த் துருவல் தூவிய பொரியல்போல வெயில் நாளில் சீக்கிரம் ஊசிப்போவது வேறில்லை. தேங்காயில் ஈரமும் கொழுப்பும் இனிப்பும் இருக்கிறது, துருவும்போது கையும் துருவுபலகையும் படுகிறது, அடுப்பை அணைத்த பிறகு தூவுவதால் வேகவும் இல்லை. டப்பாவுக்குப் போகிற பங்கைத் தேங்காய் போடுவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிடலாம். தேங்காய் இல்லாமல் முடியாது என்கிறவர்கள் அதை எண்ணெயில் சிவக்க வறுத்துச் சேர்க்கலாம். தேங்காய் சாதத்தில் துருவலைப் பொன்னிறமாக வறுக்கிறோமே, அதே முறை. தேங்காய்க்குப் பதிலாக எள்ளுப்பொடி, வேர்க்கடலைப்பொடி, வறுத்துப் பொடித்த பொட்டுக்கடலை எல்லாம் பொரியலுக்கு நன்றாகச் சேரும். மிச்சமிருக்கும் ஈரத்தையும் அவை உறிஞ்சிக்கொள்ளும்.

பருப்பு உசிலியை இந்த இடத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஊறவைத்து, மிளகாய், பெருங்காயத்தோடு கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, வெந்த பீன்ஸோடோ கொத்தவரங்காயோடோ வதக்குவது. காய் இருக்கிறது, பருப்பு இருக்கிறது, ஈரம் இல்லை, தேங்காய் இல்லை. டப்பாவுக்கென்றே யோசித்துச் செய்ததுபோல அமைந்த ஒரு பண்டம், இப்போது கல்யாண வீட்டில் மட்டும் பார்க்க முடிகிறது. முதல் நாள் இரவே பருப்பை ஆவியில் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் உதிர்த்து வதக்குகிற வேலைதான்.

கீரையை எப்படி உள்ளே கொண்டுவருவது

கீரை மசியல் டப்பாவுக்கு ஆகாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணீர் நிறைய, புளிப்பு இல்லை, மத்தியானம் நிறமும் மணமும் மாறிவிடும். கீரையை மசியலாகவே நினைத்துக்கொண்டிருப்பதால்தான் அது டப்பாவுக்கு வெளியே நிற்கிறது. பொடி, அடை, துவையல், வதக்கல் என்று கீரைக்கு ஈரமில்லாத வடிவங்கள் நிறைய உண்டு.

முதலில் கறிவேப்பிலை. எல்லாத் தாளிப்பிலும் போடுகிறோம், எல்லோரும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறோம். இதில் கால்சியமும், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டினும் நல்ல அளவில் இருக்கின்றன. ஒதுக்க முடியாதபடி பொடித்துவிடுவதுதான் வழி. இரண்டு கை கறிவேப்பிலையை உருவிக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் ஈரம் போக உலர்த்துங்கள். நேர் வெயிலில் போட்டால் நிறமும் கரோட்டினும் குறையும். வாணலியில் நல்லெண்ணெய் விட்டு உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி, நாலைந்து காய்ந்த மிளகாய், அரை ஸ்பூன் மிளகு, கோலி அளவு புளி எல்லாவற்றையும் வறுத்து எடுத்துவிட்டு, கடைசியில் இலையைப் போட்டு, கையில் எடுத்து நொறுக்கினால் சலசலவென்று உடைகிற பதம் வரும்வரை சின்னத் தீயில் வறுக்க வேண்டும். இந்தப் பதத்தில்தான் பொடி நிற்கும். இலை கொஞ்சம் துவண்டு இருந்தாலும் பொடி நாலு நாளில் கட்டிதட்டி மணம் மாறிவிடும். ஆறிய பிறகு உப்புச் சேர்த்துப் பொடித்து, ஈரமில்லாத பாட்டிலில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. காலையில் ஆறிய சோற்றில் நல்லெண்ணெயும் இரண்டு ஸ்பூன் பொடியும் போட்டுக் கிளறினால் கறிவேப்பிலை சாதம். தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டத்தின் கலவை சாதப் பட்டியலிலும் கறிவேப்பிலை சாதமும் கீரை சாதமும், கூடவே முட்டையும் இடம்பெற்றிருக்கின்றன. அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பெரிய அண்டாவில் செய்ய முடிகிறது, நம் வீட்டு வாணலியில் முடியாதா?

முருங்கைக்கீரைக்கு முதல் எதிரி அதை உருவுகிற வேலை. கொத்தாக வாங்கி வந்து, இரவில் ஒரு பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் துணியை உதறினால் பெரும்பாலான இலை காம்பை விட்டுத் தானாகவே உதிர்ந்திருக்கும். இதில் இரும்புச்சத்து, கால்சியம், பீட்டா கரோட்டின் எல்லாம் உண்டு. தெருவுக்கு ஒரு மரம் இருக்கிற ஊர்களில் காசும் இல்லை. வதக்கும்போது மூடக் கூடாது. மூடினால் இலையிலிருந்து ஆவியாகிற அமிலங்கள் வெளியேற வழியில்லாமல் திரும்ப இலைமேலேயே படிந்து பச்சை நிறத்தைக் கெடுக்கும். எண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டு, கீரையைப் போட்டு, திறந்தபடியே வதக்கி, ஊறவைத்து உதிரியாக வேகவைத்த பாசிப்பருப்பைச் சேர்த்துப் பிரட்டி இறக்கினால் டப்பாவுக்கு நல்ல தொடுகறி.

ஆனால் முருங்கைக்கீரைக்கு டப்பாவில் சிறந்த இடம் அடை என்பேன். அரிசி, துவரை, கடலை, உளுந்து ஊறவைத்து அரைத்த மாவில் ஒரு கை கீரையும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டு, நடுவில் துளையிட்டு எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் முறுக வார்த்து ஆறவைத்தது. சோறுபோல விறைப்பதில்லை, தண்ணீர் விடுவதில்லை, பருப்பின் புரதமும் கீரையும் ஒரே துண்டில் வந்துவிடுகின்றன, ஸ்பூன் தேவையில்லை. தொட்டுக்கொள்ள ஒரு துண்டு வெல்லம் போதும். முடக்கத்தான் கீரை தோசையையும் இப்படியே வைக்கலாம். மெல்லிசாக வார்த்தால் மதியத்துக்குள் வறண்டு தோல்போல ஆகிவிடும், ஊத்தப்பம்போலக் கனமாக வார்ப்பது நல்லது.

கீரையின் இரும்புச்சத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். செடியிலிருந்து கிடைக்கும் இரும்பை நம் உடல் அவ்வளவு எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் அதிகம் எடுத்துக்கொள்ளும். சூட்டில் வைட்டமின் சி அழிந்துபோவதால், சமைத்த கீரையிலிருந்தே அது கிடைக்கும் என்று இருக்க முடியாது. டப்பாவின் ஓரத்தில் ஒரு எலுமிச்சைத் துண்டு, அல்லது நாலு துண்டு கொய்யாக்காய், அல்லது ஒரு நெல்லிக்காய் வைத்துவிடுவது அதற்காகத்தான். மாறாக, சாப்பிட்டவுடன் குடிக்கும் டீயும் காபியும் இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். அலுவலகத்தில் கை கழுவிய கையோடு டீக்கடைக்குப் போகிற பழக்கம் உள்ளவர்கள் அதை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தால் கீரை வைத்த பலன் கிடைக்கும்.

புதினா, கொத்தமல்லி சாதம் காலையில் பச்சையாகவும் மதியம் பாசி படிந்த நிறத்திலும் இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். இலையின் பச்சைக்குக் காரணமான குளோரோஃபிலின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அந்த மக்னீசியம் கழன்றுபோய் நிறம் பழுப்பு கலந்த பச்சையாக மாறும். இன்னொரு பக்கம், பச்சையாக அரைத்த புதினாவில் இலையின் நொதிகள் காற்றோடு சேர்ந்து அதைக் கறுக்கவைக்கும். ஆகவே புதினாவைப் பச்சையாக அரைக்காமல், எண்ணெயில் இலை சுருங்குகிறவரை மட்டும் வதக்கி, பச்சை மிளகாய், இஞ்சியோடு அரைக்க வேண்டும். அந்தச் சூட்டில் நொதிகள் அடங்கிவிடும். விழுதைச் சோற்றோடு கலந்து முழுதும் ஆறிய பிறகு, டப்பா மூடுவதற்குச் சற்றுமுன் எலுமிச்சை பிழிய வேண்டும். நிறம் கொஞ்சம் மங்கினாலும் ருசிக்குக் குறையில்லை. ஆனால் பிள்ளைகள் கண்ணால்தான் முதலில் சாப்பிடுகிறார்கள்.

தூதுவளை, வல்லாரை, பிரண்டை, கற்பூரவல்லி என்று வரும்போது, இவை நோயைத் தீர்க்கும் என்பதற்காக டப்பாவில் வைக்கச் சொல்லவில்லை. இவை நல்ல உணவு, தனித்தனி ருசி உள்ளவை, தொட்டியில் வளர்பவை. துவையலாக நன்றாகப் பொருந்தும். தூதுவளையின் முள்ளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு நெய்யில் வதக்க வேண்டும். வல்லாரையின் கசப்பை உளுந்தும் புளியும் சமாளிக்கும். இலங்கையில் அதைப் பச்சையாகவே நறுக்கித் தேங்காயோடு சம்பலாகப் பிசைந்து சோற்றோடு சாப்பிடுகிறார்கள், அது வீட்டுத் தட்டுக்கு ஏற்றது, டப்பாவுக்கு இல்லை. பிரண்டைக்குக் கவனம் வேண்டும். அதில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு இளந்தண்டாகப் பார்த்து நார் உரித்து, நிறம் மாறும்வரை நல்லெண்ணெயில் நிதானமாக வதக்கி, தாராளமாகப் புளி சேர்த்து அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் தொண்டை அரிக்கும். கற்பூரவல்லி இலை தடிமனானது, தண்ணீர் நிறைந்தது. இரண்டு மூன்று இலை போதும், கூடினால் ஓம வாடை எல்லாவற்றையும் அடித்துவிடும். எந்தத் துவையலானாலும் அம்மியில் அரைத்ததுபோலக் கெட்டியாக, தண்ணீரை ஸ்பூன் கணக்கில் தெளித்து அரைத்து, தனிச் சின்ன டப்பாவில் வைத்தால் தயிர் சாதத்துக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. வார்ஃபரின் மாதிரியான ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டக் கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவாகச் சேர்க்கலாம்.

தயிர் சாதத்தின் கணக்கு

காலையில் சரியான புளிப்பில் இருந்த தயிர் சாதம் மதியம் பல் கூசுகிற அளவுக்குப் போய்விடும். வெயில் காலத்தில் தயிரிலுள்ள பாக்டீரியா டப்பாவுக்குள்ளும் வேலையை நிறுத்துவதில்லை. அதை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். சோற்றைக் குழைய வேகவைத்து மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டுத் தளர்வாகக் கலந்து, கைசூட்டுக்கு ஆறிய பிறகு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்து மூடுங்கள். ஒரு மணிக்குள் அந்தப் பால் டப்பாவிலேயே இளந்தயிராகத் தோய்ந்திருக்கும். குளிர் மாதங்களில் தயிரை இரண்டு மூன்று ஸ்பூனாகக் கூட்ட வேண்டும். காலையில் பார்த்தால் கஞ்சிபோலத் தண்ணியாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம், ஆற ஆறச் சோறு பாலைக் குடித்து இறுகிக்கொள்ளும். இதில் துருவிய கேரட், பொடியாக நறுக்கிய இஞ்சி, கொத்தமல்லித்தழை, கறிவேப்பிலை, மாதுளை முத்து எல்லாம் சேரும். வெள்ளரியும் பச்சை வெங்காயமும் தண்ணீர் விடும், அவற்றைத் தனியாக வைப்பது நல்லது. பீட்ரூட் பொரியலைப் பக்கத்தில் வைத்தால் மொத்தமும் ரோஸ் நிறமாகிவிடும். சில குழந்தைகளுக்கு அதுவே பிடித்திருக்கிறது.

டப்பாவைப் பொறுத்தவரை எவர்சில்வர் போதும். புளிப்புச் சோற்றை அலுமினியத்தில் வைக்கக் கூடாது, வெள்ளீயம் பூசாத பித்தளையில் வைத்தால் களிம்பேறும். பழைய பித்தளை அடுக்குக் கேரியர்களின் உள்பக்கம் வெள்ளீயம் பூசியது அதற்காகத்தான். பயணத்துக்கு வாழையிலை இன்னமும் நல்லது. தணலில் லேசாகக் காட்டி வாட்டினால் இலை கிழியாமல் மடங்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் சாப்பாடு கட்டுகிற பிளாஸ்டிக் தாளுக்குத் தடை இருப்பதால், இலையில் கட்டத் தெரிந்திருப்பது இப்போது நிஜமாகவே பயன்படும்.

காலை நேரம் குறைவு என்பது எனக்கும் தெரியும். அதனால் வேலையை வாரத்துக்குப் பரப்பிக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலைப் பொடியோ முருங்கைக்கீரைப் பொடியோ ஒன்று, புளிக்காய்ச்சல் ஒரு சின்ன பாட்டில், அடை மாவு ஒரு பாத்திரம். பீன்ஸ், கொத்தவரங்காய் நறுக்குவதை முதல் நாள் இரவு டிவி பார்த்துக்கொண்டே முடித்து, ஈரமில்லாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். காலையில் மிஞ்சுவது சோறு வடித்து ஆற்றுவதும் ஒரு வதக்கலும்தான். இதை வீட்டில் ஒரே ஆள் தலையில் கட்டாமல், கீரை உருவுவது ஒருவர், டப்பா கட்டுவது ஒருவர் என்று பிரித்துக்கொண்டால்தான் மாதக்கணக்கில் தொடர முடியும். தன் கையால் உருவிய கீரையைப் பிள்ளைகள் திருப்பிக் கொண்டுவருவது குறைவு, இதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் டப்பா வீட்டுக்கு வந்ததும் திறந்து பாருங்கள். மிஞ்சி வந்ததைச் சூடு பண்ணி ராத்திரிக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, காலையிலிருந்து வெளியே இருந்த சோறு அது. எது மிஞ்சியது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, அளவையோ காயையோ அடுத்த நாள் மாற்றுங்கள். பிறகு மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி, அந்தப் பள்ளத்தைத் தேய்த்துக் கழுவி, டப்பாவைத் திறந்தபடியே கவிழ்த்துக் காயவிடுங்கள். வளையத்துக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கியிருந்தால், எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சமைத்தாலும் மறுநாள் சோற்றில் அந்த வாடை ஏறும்.